“முறுக்கான் போடாமல் கத்தி பிடிக்க முடியவில்லை”

கேள்வி: எனக்கு 46 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறேன். இருபது வருடமாக வெற்றிலை பாக்கோடு புகையிலை வைத்து முறுக்கான் போடுகிறேன். இருட்டோடு எழுந்ததும் முதல் வேலை அதுதான். ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது ஆகும். இரண்டு முறை விட்டுப் பார்த்தேன், மூன்று நாள் தாண்டவில்லை. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். அன்றோடு விடலாம் என்று நினைக்கிறேன். புகையிலையை மட்டும் விட்டுவிட்டு வெற்றிலை பாக்கு போடலாமா டாக்டர்?

பதில்: மூன்று நாளில் தோற்றதற்கு உங்கள் மனவுறுதியைக் குறை சொல்லாதீர்கள். புகையிலையில் இருக்கும் நிகோட்டின் நின்ற இரண்டாவது, மூன்றாவது நாள்தான் உடம்பு மிக அதிகமாகத் தவிக்கும். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், மலச்சிக்கல்கூட வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த மோசமான நாட்களை எந்தத் தயாரிப்பும் இல்லாமல் சந்தித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

கல்யாண நாள் வேண்டாம். வீடு முழுக்க உறவினர், எங்கே திரும்பினாலும் வெற்றிலைத் தட்டு. கல்யாண வேலை முடியட்டும். அப்புறம் இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் நாட்களில் ஒரு தேதி குறியுங்கள். உங்கள் கையும் வாயும் இருபது வருடமாக ஒன்றாகப் பழகியிருக்கின்றன. கத்தி எடுக்காத நாட்களில் அந்த இழுப்பு குறையும். ஆனால் சும்மா உட்கார்ந்தாலும் வாய் தேடும், அதனால் வீட்டிலோ விளையிலோ செய்ய ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வெட்டு தொடங்கும் முதல் வாரம் ஆசை திரும்ப வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

தேதிக்கு முந்தைய இரண்டு வாரம், ஒவ்வொரு முறை போடும்போதும் நேரத்தையும் காரணத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் குறியுங்கள். தூக்கத்தை விரட்டவா, சாப்பாடு முடிந்ததாலா, கூட்டாளி நீட்டியதாலா? பத்தில் நாலைந்து சும்மா பழக்கத்துக்குப் போட்டதாக இருக்கலாம். அவற்றை முதலில் விடுங்கள். கடைசியில் எழுந்ததும் போடுவதுதான் மிஞ்சும், அதுதான் கடினம். அந்த நேரத்துக்குச் சுக்குத் துண்டோ கிராம்போ ஏலக்காயோ மடியில் இருக்கட்டும். ஆசை பொங்கும்போது ஐந்து, பத்து நிமிடம் தள்ளிப்போட்டால் தானே தணியும். குறித்த தேதிக்கு முந்தின இரவு வீட்டில் உள்ள புகையிலையையும் வெற்றிலைச் செல்லத்தையும் அப்புறப்படுத்துங்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள், மகளிடமும்.

பாக்கைப் பற்றிக் கேட்டீர்களே, போடக் கூடாது. புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. கன்னத் தசை இறுகி வாய் திறக்காமல் போவதற்கும் பாக்குதான் முக்கியக் காரணம். தவிர, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவும் விரல் தானாகவே புகையிலையைத் தேடும்.

எழுந்ததும் போடுகிறவர் என்பதால் உங்களுக்கு நிகோட்டின் சூயிங்கம் தேவைப்படலாம். எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், பிரஷர் இருந்தாலோ நெஞ்சுவலி வந்திருந்தாலோ அதையும் சொல்லுங்கள். மிட்டாய் மாதிரி விடாமல் மெல்லக் கூடாது. காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனபின் திரும்ப மெல்ல வேண்டும். வாயில் வைத்திருக்கும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்பும் டீ, காப்பி வேண்டாம். 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

ஒன்றை மட்டும் கல்யாணம்வரை தள்ளிப்போடாதீர்கள். இன்றே கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். மூன்று விரல் நெடுக்காக நுழைகிறதா? வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, இரண்டு வாரமாக ஆறாத புண், காரம் பட்டால் எரிச்சல் எதுவும் இருக்கிறதா? விரல் நுழையாவிட்டாலோ இவற்றில் ஒன்று இருந்தாலோ, ஒரு நாள் வெட்டை விட்டுவிட்டு இந்த வாரமே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ அருகில் உள்ள பல் மருத்துவரிடமோ போய்க் காட்டுங்கள்.