‘என் குடும்பம்’ படத்தில் சின்னம்மா எங்கே நிற்பது?

கேள்வி: அக்கா இறந்து ஐந்து வருடம். அவவின் மகளுக்கு இப்போது ஏழு வயது, தரம் 2 படிக்கிறாள். நானும் (வயது 36, திருமணமாகவில்லை) அம்மாவும் சேர்ந்து அவளை வளர்க்கிறோம். அத்தான் கனடாவில் மறுமணம் செய்துவிட்டார். பிறந்தநாளுக்கும் தீபாவளிக்கும் கதைப்பார். போன மாதம் வகுப்பில் ‘என் குடும்பம்’ என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை வெறும் தாளோடு அழுதுகொண்டு வந்தாள். சில நாட்களில் என்னை ‘அம்மா’ என்கிறாள், பிறகு தானே திருத்திக்கொள்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது? சட்டப்படி தத்தெடுத்தால் எல்லாம் சரியாகுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கைக்கு, அந்த வெறும் தாளிலிருந்தே தொடங்குகிறேன். ஏழு வயதில் அநேகமான பிள்ளைகள் மனிதர்களை வரைவார்கள். அப்பா, அம்மா, அண்ணா, தங்கச்சி என்று நாலு பேர், பின்னால் ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை. குடும்பம் என்றால் இந்தப் படம்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள். உங்கள் வீட்டை அதற்குள் எப்படி வைப்பது என்று தெரியாமல்தான் கை நின்றுபோயிருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து என்னிடம் வந்த ஒரு பையன் அம்மம்மாவையும் தன்னையும் வரைந்தான். மேலே ஒரு பெட்டி, அதற்குள் ஒரு முகம். ஜன்னலா என்று கேட்டேன். “இல்லை, அது போன். அம்மா குவைத்தில்” என்றான். அவனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஏனென்றால் அம்மம்மா அவனிடம் எதையும் ஒளிக்கவில்லை. அம்மா ஏன் போனா, எப்போது வருவா என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

உங்கள் பிள்ளைக்கும் அதுதான் தேவை. யார் கேட்டாலும் தடுமாறாமல் சொல்ல ஒரு வசனம் அவள் வாயில் இருக்க வேண்டும். “என்ர அம்மா செத்துப் போயிட்டா. நான் சின்னம்மாவோடையும் அம்மம்மாவோடையும் இருக்கிறன். அப்பா கனடாவில.” இவ்வளவுதான். ‘சாமியிடம் போயிட்டா’, ‘தூங்குகிறா’ என்று சுற்றிச் சொன்னால், திரும்பி வருவா என்று பிள்ளை காத்திருப்பாள். இந்த வசனத்தை வீட்டில் நீங்களே முதலில் சாதாரணமாகச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் தொண்டை அடைத்தால் அடைக்கட்டும். அவள் அதைப் பார்ப்பதில் தப்பில்லை.

‘அம்மா’ என்று கூப்பிடுவதை நீங்கள் திருத்தவும் வேண்டாம், கேட்டு வாங்கவும் வேண்டாம். அவள் தன்னைத் திருத்திக்கொள்வது, அக்காவுக்குத் துரோகம் செய்கிறேனோ என்ற பயத்தினால் இருக்கலாம். “எப்படிக் கூப்பிட்டாலும் நான் வருவன். அம்மாவும் கோவிக்க மாட்டா” என்று ஒரு தரம் சொல்லிவிடுங்கள். எங்கள் தமிழில் அக்காவின் பிள்ளையைப் பெறாமகள் என்கிறோம். பெறாவிட்டாலும் மகள்தான் என்று அந்தச் சொல்லே சொல்கிறது. அதன் பொருளை அவளுக்கு விளக்கிச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு இப்படியான சொற்கள் பிடிக்கும்.

அக்காவின் படம் சாமியறையில் மட்டும் இருக்கிறதா? அக்கா சிரிக்கும் படமொன்றை அவள் படிக்கும் மேசையிலும் வையுங்கள். சித்திராபௌர்ணமிக்குத் தாயில்லாதவர்கள் விரதம் இருப்பது எங்கள் வழக்கம். அன்றைக்குச் சமையலில் அவளும் கைகொடுக்கட்டும். அக்காவுக்கு என்ன கறி பிடிக்கும் என்பதை அம்மம்மா வாயால் கேட்டுக்கொண்டே காய் நறுக்கட்டும். மே மாதம் அன்னையர் தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் வாழ்த்து அட்டை செய்தால் மூன்று அட்டை செய்யட்டும். அவள் உங்கள் வீட்டுக்கு வந்த திகதி நினைவிருந்தால், அந்த நாளுக்கும் ஒரு கேக் வெட்டுங்கள். பிறந்தநாளை எல்லா வீடும்தான் கொண்டாடும், அது உங்கள் மூன்று பேருக்கும் மட்டுமான நாள்.

அடுத்தது வகுப்பாசிரியை. குறை சொல்லப் போகாமல், விஷயம் சொல்லப் போங்கள். ‘என் குடும்பம்’ என்பதற்குப் பதிலாக ‘என்னோடு வீட்டில் இருப்பவர்கள்’ என்று சொல்லி வரையச் சொன்னால் எல்லாருக்கும் வரைய ஆள் இருக்கும். கொழும்பு வகுப்பொன்றில் உங்கள் பிள்ளை தனியாள் இல்லை. தாய் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை, தகப்பனை இழந்த வீட்டுப் பிள்ளை, அம்மா சிங்களம் அப்பா தமிழ் என்றிருக்கும் பிள்ளை, சிறிய தகப்பனோடு வளரும் பிள்ளை என்று பலர் இருப்பார்கள். இலங்கையில் ஏறத்தாழ நாலு வீட்டில் ஒன்றுக்குப் பெண்தான் தலைமை.

உறவினர்களிடம் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். கல்யாண வீடுகளில் தலையைத் தடவி “பாவம், தாயில்லாப் பிள்ளை” என்பார்கள். “மாமி, அவளுக்கு முன்னால பாவம் எண்டு சொல்லாதேங்கோ” என்று அந்த இடத்திலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவள் கேட்பது முக்கியம்.

சரி, தத்தெடுப்பு. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளைகளைத் தத்தெடுத்தல் கட்டளைச் சட்டப்படி, தத்தெடுப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் பொருந்துகிறது. திருமணமாகாத பெண் என்பது தடையில்லை. ஆனால் தகப்பன் உயிரோடு தொடர்பில் இருப்பதால் அவருடைய சம்மதம் வேண்டும். நீதிமன்றத்தின் தத்தெடுப்புக் கட்டளை கிடைத்தபின் பிள்ளை மீது அவருக்குள்ள உரிமையோடு கடமையும் முடிந்துவிடும். 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, மறுமணம் செய்தாலும் பிள்ளைக்குச் செலவு கொடுக்கும் பொறுப்பு தகப்பனுக்கு இருக்கிறது. அதை இப்போதே கைவிட வேண்டுமா என்று யோசியுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சட்டபூர்வப் பாதுகாவலுக்குத்தான் போவேன், அதாவது பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை நீதிமன்றக் கட்டளை மூலம் பெறுவது. பாடசாலை, ஆஸ்பத்திரி, கடவுச்சீட்டு என்று எங்கே போனாலும் “நீங்கள் யார்?” என்ற கேள்வி வரும். நீதிமன்றக் கட்டளை கையில் இருந்தால் அங்கெல்லாம் பேச்சு சுருங்கிவிடும். அத்தானின் சம்மதக் கடிதத்தை அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்கள், ஆனால் கடிதத்தோடு நின்றுவிடாதீர்கள். அக்காவின் மரண அத்தாட்சிப் பத்திரம், பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இரண்டையும் எடுத்துக்கொண்டு புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால் அங்கேயே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

தத்தெடுப்பைப் பிறகும் பார்க்கலாம். பத்து வயது தாண்டினால் சட்டமே பிள்ளையின் சம்மதத்தைக் கேட்கும். அதற்கு முன்னாலும் நீங்கள் அவளைக் கேளுங்கள்.

இந்தக் கிழமை ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அந்தப் படத்தை வீட்டில் மறுபடி வரையச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் இருங்கள். அம்மாவை எங்கே வரைவது, அப்பாவை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதெல்லாம் அவள் முடிவு. டீச்சரிடமும் அவளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.