கன்டெய்னரில் வால்ட்: வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ரகசியங்களைப் பாதுகாக்கும் ஹாஷிகார்ப் வால்ட் மென்பொருளை டாக்கர் கன்டெய்னரில் ஓடவிட்டு, எங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டுகளை எல்லாம் அதில் போட்டேன். சர்வரை ரீஸ்டார்ட் செய்ததும் ஒன்றையும் காணோம். கன்டெய்னர் நின்றாலும் டேட்டா தங்கும் வால்யூம் கூட மவுன்ட் செய்திருந்தேன். எங்கே தவறு, சார்?

வால்ட்டின் டாக்கர் இமேஜுக்கு நீங்கள் கட்டளை எதுவும் கொடுக்காவிட்டால், அது டெவ் மோடில்தான், அதாவது சோதனைக்கான நிலையில்தான், எழுந்திருக்கும். டெவ் மோடில் எல்லாமே மெமரியில் மட்டும் இருக்கும். வால்யூமில் ஒரு எழுத்துகூடப் பதிவாகாது. அதனால் போனது போனதுதான். தொடங்கும்போதே லாகில் இதைப் பெரிதாக எச்சரித்திருக்கும், பார்க்காமல் விட்டிருப்பீர்கள்.

கட்டளையாக 'சர்வர்' என்று மட்டும் கொடுங்கள். கான்ஃபிக் ஃபைலை, இமேஜுக்குள் வால்ட் ஃபோல்டரின் கீழ் இருக்கும் கான்ஃபிக் ஃபோல்டரில் மவுன்ட் செய்யுங்கள். ஸ்டோரேஜுக்கு வால்ட்டிலேயே இருக்கும் ராஃப்ட் போதும். இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: கன்டெய்னருக்குள் வால்ட், ரூட்டாக ஓடாது, 'வால்ட்' என்ற தனி யூசராக ஓடும். கான்ஃபிக், லாக்ஸ், ஃபைல் என்ற மூன்று ஃபோல்டர்களின் உரிமையை இமேஜே சரிசெய்துகொள்ளும். நீங்களாக 'டேட்டா' என்று புதிதாக ஒன்றை வைத்தால் அதன் உரிமையை நீங்கள்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் 'பெர்மிஷன் டினைடு' என்று நின்றுவிடும்.

ரீஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் வால்ட் சீல் ஆகிவிடுகிறது, அதாவது பூட்டிக்கொள்கிறது. மூன்று சாவிகளையும் கையால் போடுவது தொல்லையாக இருப்பதால், டாக்கர் அமைப்புகளை எழுதும் கம்போஸ் ஃபைலில் என்விரான்மென்ட் வேரியபிளாக வைத்து, ஒரு ஸ்கிரிப்ட் மூலம் தானாகத் திறக்கவைத்திருக்கிறேன். சரிதானா?

சரியில்லை. தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள்.

டிஸ்கில் இருக்கும் டேட்டா முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருக்கிறது. அதைத் திறக்கும் சாவியை, கிரிப்டோகிராஃபி அறிஞர் அடி ஷமிர் 1979-இல் வெளியிட்ட முறைப்படி வால்ட் 5 துண்டுகளாகப் பிரிக்கிறது, அவற்றில் எந்த 3 சேர்ந்தாலும் போதும். ஒரு ஆள் மட்டும் நினைத்தால் திறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நம் வங்கி லாக்கர் மாதிரிதான்: உங்கள் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். மூன்று துண்டுகளையும் கம்போஸ் ஃபைலில் எழுதிவிட்டால், அந்த ஃபைல் கையில் கிடைத்தவருக்கு எல்லாமே கிடைத்துவிடும். ஃபைல்கூட வேண்டாம், அந்த மெஷினில் டாக்கரைத் தொடும் உரிமை உள்ள யாரும் 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' போட்டாலே மூன்றையும் அப்படியே படிக்கலாம். சாவி வெளியே வந்துவிட்டதாகவே எண்ணி, ரீகீ செய்து புதுத் துண்டுகளை எடுத்து, ஐந்து பேரிடம் பிரித்துக் கொடுங்கள்.

தானாகத் திறக்க வேண்டும் என்றால் ஆட்டோ அன்சீல் இருக்கிறது. ஏடபிள்யூஎஸ், கூகுள், அஷூர் ஆகியவற்றின் சாவிச் சேவைகளோடு இணைக்கலாம். 2018-இல் வந்த 1.0 பதிப்பிலிருந்து இது இலவசப் பதிப்பிலேயே கிடைக்கிறது. ஆனால் கிளவுடில் இருக்கும் அந்தச் சாவியை யாராவது நிரந்தரமாக அழித்துவிட்டால் உங்கள் டேட்டாவும் போய்விடும். ஆட்டோ அன்சீலில் கொடுக்கப்படும் ரெகவரி சாவிகளால் சீலைத் திறக்க முடியாது. கிளவுடில் இருக்கும் சாவியை அழிக்கும் உரிமையை யாருக்கும் எளிதில் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் ஓட்டுபவர்களுக்கு ஒரு விஷயம். சீல் ஆன வால்ட், ஹெல்த் முகவரியில் 503 (சேவை இல்லை) என்று பதில் சொல்லும். கன்டெய்னர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னெஸ் சோதனை அதைப் பார்த்து, செத்துவிட்டது என்று நினைத்து கன்டெய்னரை மறுபடி தொடங்கும். இரண்டு பேர் தங்கள் துண்டுகளைப் போட்டு முடித்து, மூன்றாமவர் லேப்டாப்பைத் திறப்பதற்குள் எண்ணிக்கை மறுபடி பூஜ்யம். போட்ட துண்டுகள் மெமரியில்தான் இருக்கும் என்பதே காரணம். சீல் நிலைக்கும் 200 (சரி) என்று பதில் வருமாறு லைவ்னெஸ் முகவரியில் 'சீல்டுகோட்' அளவுருவைச் சேருங்கள்.

வால்ட் கன்டெய்னருக்கு 'ஐபிசி லாக்' உரிமை கட்டாயமா?

ரகசியங்கள் இருக்கும் மெமரி, ஸ்வாப் (மெமரி போதாதபோது டிஸ்கைப் பயன்படுத்தும் ஏற்பாடு) வழியாக டிஸ்குக்குப் போய்விடாமல் தடுக்க எம்லாக் என்ற லினக்ஸ் வசதி உதவுகிறது. அதற்குத்தான் இந்த உரிமை. ராஃப்ட் ஸ்டோரேஜ் என்றால் எம்லாக்கை அணைத்துவிடச் சொல்லி ஹாஷிகார்ப்பே பரிந்துரைக்கிறது. அப்படிச் செய்தால் ஹோஸ்ட் மெஷினில் ஸ்வாப்பையும் மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

எல்லா உரிமையும் கொண்ட ரூட் டோக்கனை எங்கே பத்திரமாக வைப்பது?

எங்கும் வைக்க வேண்டாம். ஆரம்ப வேலைகள் முடிந்ததும் ரத்து செய்துவிடுங்கள். பிறகு தேவைப்பட்டால் சாவித் துண்டு வைத்திருக்கும் மூவர் சேர்ந்து புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம்.

ஆடிட் லாக் அவசியமா? சின்ன டீம்தான் நாங்கள்.

அவசியம். யார், எப்போது, எந்த ரகசியத்தைப் படித்தார் என்பது அதில்தான் இருக்கும். ரகசியத்தின் மதிப்பு ஹாஷாகத்தான், அதாவது திரும்பப் படிக்க முடியாத குறியாகத்தான், பதிவாகும் என்பதால் பயமில்லை.

ஆனால் நான் பட்டதைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு நாள் விடிகாலை எல்லா ஆப்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. வால்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சீலும் ஆகவில்லை, ஆனால் எதைக் கேட்டாலும் பிழை. ஒரு மணி நேரம் நெட்வொர்க்கைச் சந்தேகித்துத் தேடினோம். கடைசியில் டிஸ்கைப் பார்த்தால் நூறு சதவீதம். ஆடிட் லாகை எழுத இடமே இல்லை. ஆடிட் இயக்கப்பட்டிருந்து, ஓர் இடத்தில்கூடப் பதிவு செய்ய முடியாவிட்டால், வால்ட் கோரிக்கையை மறுத்துவிடும். பதிவில்லாமல் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். பிழை எங்களுடையது.

ஆகவே இரண்டு இடங்களில் ஆடிட் வையுங்கள்: ஒன்று தனி வால்யூமில் ஃபைலாக, இன்னொன்று ஸ்டாண்டர்டு அவுட்புட்டாக. டாக்கரின் வழக்கமான ஜேசன் லாகுக்கு அளவு வரம்பு தானாக வராது, நீங்கள்தான் வைக்க வேண்டும். ஃபைலைச் சுழற்றிய பிறகு வால்ட்டுக்கு 'சிக்ஹப்' சிக்னல் அனுப்பினால்தான் புது ஃபைலில் எழுதத் தொடங்கும்.

வால்ட்டிலிருந்து ஓப்பன்பாவுக்கு மாறலாமா?

2023 ஆகஸ்டில் வால்ட்டின் உரிமம், போட்டிச் சேவைகளுக்குத் தடை வைக்கும் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாறியதால் பிரிந்ததுதான் ஓப்பன்பாவ், லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வளர்கிறது. சொந்த நிறுவனத்துக்குள் பயன்படுத்த வால்ட்டின் புது உரிமம் தடையில்லை. புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் நான் ஓப்பன்பாவையே சொல்வேன். ஓடிக்கொண்டிருப்பதை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

தினமும் இரவு வால்யூமை அப்படியே காப்பி எடுக்கிறேன். பேக்கப்புக்கு அது போதுமா?

போதாது. வால்ட் எழுதிக்கொண்டிருக்கும்போதே காப்பி எடுத்தால் பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளலாம். ராஃப்டுக்கென்றே ஸ்நாப்ஷாட் கட்டளை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். ஸ்நாப்ஷாட்டைப் புது வால்ட்டில் மீட்டாலும், அதை எடுத்தபோது இருந்த பழைய சாவிகளால்தான் திறக்க முடியும். எனவே ரீகீ செய்தவுடன் புது ஸ்நாப்ஷாட் ஒன்று எடுங்கள். எந்தத் துண்டு எந்தத் தேதியுடையது என்றும் குறித்து வையுங்கள். இந்த வாரக் கடைசியில் வேறொரு மெஷினில் காலி கன்டெய்னர் ஒன்றை எழுப்பி, உங்கள் கடைசி ஸ்நாப்ஷாட்டை மீட்டு, மூன்று பேரையும் கூப்பிட்டுத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் என்ன பிழை காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.