ஓய்வுக்குப் பிறகு மரக் கடைசல்: லேத்துக்கு முன்னால் சாணைக்கல்லைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "அப்பா டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மரம் கடையும் லேத் ஒன்று வாங்கி வீட்டிலேயே ஏதாவது செய்து பார்க்கலாம் என்கிறார். அறுபதைத் தாண்டிய வயதில் இது சரிப்படுமா, எதில் தொடங்குவது?"

தாராளமாகச் சரிப்படும். நானும் அதே கட்சிதான். ஐ.டி.ஐ.யில் டர்னர் டிரேடு (இரும்பை லேத்தில் சுழலவிட்டுக் கடையும் வேலை), அப்புறம் ரிட்டயர்டு ஆகும் வரைக்கும் இரும்புதான். ஆனால் அதற்கெல்லாம் முன்னாடி, பள்ளிக்கூட லீவில் மாமாவின் கடைசல் பட்டறையில் கயிறு இழுத்தவன். மோட்டார் கிடையாது, கட்டையில் சுற்றிய கயிற்றை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்தால் கட்டை முன்னும் பின்னுமாகச் சுழலும், முன்பக்கம் சுழலும்போது மட்டும் மாமா உளியை வைப்பார், பின்பக்கம் போகும்போது லேசாக விலக்கிக்கொள்வார், இதெல்லாம் பேசிக்கொண்டே நடக்கும். கட்டில் கால், மத்து, சப்பாத்திக் கட்டை, தொட்டில் கட்டை என்று வந்தது எல்லாம் கடைவார். அதனால் எனக்கு இது புதுப் பொழுதுபோக்கு இல்லை, விட்ட இடத்தில் தொடருவதுதான்.

அப்பா டர்னர் என்பது பாதி வசதி, பாதி தொந்தரவு. அளவு, சென்டர், டேப்பர் (சரிவாகக் கடைவது), சக் (துண்டைக் கவ்விப் பிடிக்கும் பிடி) எல்லாம் அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தொந்தரவு என்னவென்றால், இரும்பு லேத்தில் உளியை டூல் போஸ்ட் பிடித்துக்கொள்ளும், நாம் கைப்பிடியைச் சுற்றினால் போதும். மர லேத்தில் பிடிப்பது நம் கைதான். உளியை முதலில் டூல் ரெஸ்ட்டில் (உளியைத் தாங்கும் பகுதி) வைக்க வேண்டும், பிறகு உளியின் தீட்டிய சரிவு கட்டையின் மேல் உரசும்படி சாய்க்க வேண்டும் (இன்னும் வெட்டாது, வெறுமனே தடவும்), அதற்கப்புறம் கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் முனை மரத்தில் இறங்கிச் சீவல் வரும். இந்த வரிசை மாறி முனை முதலில் பட்டால் உளியை அப்படியே பிடுங்கி அடிக்கும். கையை மட்டும் நகர்த்தாமல், கைப்பிடியை இடுப்போடு ஒட்டிவைத்து உடம்பையே சாய்த்துச் சாய்த்து ஓட்டுவதும் பழக வேண்டிய விஷயம். இரும்பு டர்னர்களுக்குச் சட்டென்று வராது, வந்துவிட்டால் விடாது.

இப்போது பணம் எங்கே போட வேண்டும் என்பதற்கு வருகிறேன். எல்லோரும் லேத்தைத்தான் தேடுகிறார்கள். என் கருத்தில் முதல் செலவு சாணைக்கல். எட்டு அங்குல பெஞ்ச் கிரைண்டர், அலுமினியம் ஆக்சைடு கல், 80 கிரிட் (கல்லின் சொரசொரப்பு அளவு), கோணம் மாறாமல் பிடிக்க ஒரு ஜிக். கூர் மங்கிய உளியை விலை உயர்ந்த லேத்தில் வைத்தாலும் மரத்தைப் பிய்க்கத்தான் செய்யும், நல்ல கூர் இருந்தால் மட்டமான லேத்திலும் ரிப்பன் மாதிரி நீளமாகச் சீவல் கழன்று வரும். தூள் பறக்க ஆரம்பித்தாலே நிறுத்திவிட்டுச் சாணைக்குப் போக வேண்டும். ஒரு கிண்ணம் முடிவதற்குள் பலமுறை போக வேண்டிவரும், அதில் சலிப்புப் படுகிறவருக்கு இந்த வேலை ஒத்துவராது.

லேத் என்றால் மேசை மேல் வைக்கும் மினி லேத் போதும், அரைக் குதிரைத் திறனுக்குக் குறையாமல், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியோடு. சக் வாங்கும் முன் ஸ்பிண்டில் (சக் மாட்டும் சுழல் தண்டு) மரை என்ன என்று பாருங்கள், ஒரு அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 8 மரையா (8 டி.பி.ஐ.), 33 மில்லிமீட்டர் எம்33-ஆ என்று. இது தெரியாமல் சக்கைத் தனியாக ஆர்டர் போட்டால் இரண்டும் சேராது. லேத் சென்டர், அதாவது கட்டை சுழலும் அச்சு, அப்பாவின் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்வாக வைத்துவிட்டுப் பிறகு முதுகுவலி வயசால் வருகிறது என்று சொல்லக் கூடாது. காலடியில் ரப்பர் மேட், காலில் மூடிய ஷூ. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு ஷூ கட்டாயம்.

மரத்துக்கு மரக்கடைக்குப் போகவே வேண்டாம். விறகுக் கடைக்குப் போங்கள். நம் ஊரில் எல்லோரும் திட்டித் தீர்க்கிற சீமைக் கருவேலம் கடைசலுக்கு அருமையான மரம். அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் இதன் ஒன்றுவிட்ட சொந்தமான மெஸ்கீட்டைத் தேடிப்பிடித்துக் கடைகிறார்கள், காரணம் காயும்போது அது ரொம்பக் கொஞ்சம்தான் சுருங்கும். உள்ளே செம்பழுப்பு வைரம், அதைச் சுற்றி மஞ்சள் வெள்ளை வெளிமரம், கடைந்து எண்ணெய் தடவினால் நம்ப மாட்டீர்கள், அடுப்பில் போயிருக்க வேண்டியது இது என்று. கோணல்மாணலாகத்தான் கிடைக்கும், நீளம் கிடைக்காது, ஆனால் கிண்ணத்துக்கு எதற்கு நீளம்? பூவரசும் வாகையும் நன்றாக வரும். வேம்பு பரவாயில்லை, கசப்பு வாசனை மூக்கிலேயே நிற்கும். புளி கல் மாதிரி, ஆரம்பத்தில் வேண்டாம்.

ஈர மரம் வெடிக்கும், அதற்கு வழி இருக்கிறது. வளையத்தின் போக்கில் சுருங்குவது ஆரத்தின் போக்கில் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதனால்தான் வட்டமாகக் கடைந்தது காய்ந்ததும் முட்டை வடிவம் ஆகிறது. கட்டையை நடுக்குருத்து வழியாகப் பிளந்து குருத்தை ஒதுக்கிவிட்டு, வெட்டு முனைகளில் உருக்கிய மெழுகுவர்த்தியையோ மிச்ச பெயிண்டையோ பூசி வையுங்கள். கிண்ணத்தை முதலில் தடிமனாகக் கடையுங்கள், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர், அதாவது பத்து அங்குலக் கிண்ணத்துக்கு ஒரு அங்குலம். நியூஸ் பேப்பரில் சுற்றி, அதே மரத்தின் சீவல் போட்ட அட்டைப்பெட்டியில் சில மாதம் கிடக்கட்டும். பிறகு எடுத்து, கோணிப்போனதை வட்டமாக்கி முடிக்க வேண்டியதுதான்.

ஆனால் அப்பாவைக் கிண்ணத்தில் தொடங்க விடாதீர்கள். பம்பரத்தில் தொடங்கட்டும். சின்னக் கட்டை, லேத்தின் இரண்டு பக்கத்துக் கூர்முனைகளுக்கு (சென்டர்) நடுவில் பிடித்து, முதலில் உருளையாக்கி, தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்துக்கு உளியை இறக்கிப் பழகலாம், எதிர்ப்பக்கமாக ஏற்றினால் நார் எழும்பும். சாட்டை நிற்க மேலிருந்து கீழாக மெல்லிய வரிப் பள்ளங்கள் போட வேண்டும். ஆணிக்கான துளையை லேத்தில் இருக்கும்போதே டெயில் ஸ்டாக்கில் (லேத்தின் எதிர்முனைப் பகுதி) டிரில் சக் மாட்டிப் போடச் சொல்லுங்கள், கையால் போட்டால் மயிரிழை விலகினாலும் பம்பரம் தலையாட்டும். சரியாக வந்ததா இல்லையா என்று யாரையும் கேட்க வேண்டாம், தரையில் விட்டால் அதுவே சொல்லிவிடும். பேரன் பேத்தி இருந்தால் ஆர்டர் குவியும்.

அரக்கு வண்ணமும் அப்படியே கற்கலாம். எங்கள் பக்கத்து அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானுக்கு அதுதானே மெருகு. கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலும் அதே வித்தைதான், சுழலும் கட்டையில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகிப் பூசிக்கொள்ளும், தாழை ஓலையை வைத்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுவார்கள். அங்கே பொம்மைக்கு வெட்பாலை மரம். இவ்வளவு அழகான முறையைக் கையில் வைத்துக்கொண்டு, மரத்துக்கு நடுவில் நீல ரெசினை (ஊற்றினால் இறுகும் பிசின்) ஊற்றி ஆறு ஓடுகிறது, கடல் தெரிகிறது என்று செய்கிறார்களே, அது எனக்கு ஏறவில்லை. செய்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பாதுகாப்பில் மட்டும் நான் கறார். லுங்கி, வேட்டி, தோளில் துண்டு எதுவும் லேத் பக்கம் வரக் கூடாது. முழுக்கைச் சட்டை கூடாது, கையுறை கூடவே கூடாது, கையில் கட்டிய கயிறு, மோதிரம், கழுத்துச் செயின் கழற்றியாக வேண்டும். கண்ணாடி போட்டிருக்கிறேனே என்பார், அது போதாது, முகம் முழுக்க மறைக்கும் ஷீல்டு வேண்டும். வேகத்துக்குச் சுலபமான கணக்கு, விட்டத்தை அங்குலத்தில் எடுத்து ஆர்.பி.எம்.மோடு (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் நிற்க வேண்டும், பத்து அங்குலம் என்றால் 600 முதல் 900. கோணல் கட்டைக்கு இன்னும் கீழே. அதே பத்து அங்குலத்தை 2000-இல் விட்டால் ஓரம் மணிக்கு 95 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும், ஒரு துண்டு கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் போடுமுன் கட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதன் நேருக்கு நேர் நிற்காமல் ஒதுங்கி நின்று போட வேண்டும். ரஃபிங் கவுஜ் என்ற பெரிய குழி உளியைக் கிண்ணத்துக்குப் பிடிக்கவே கூடாது, அதன் காம்பு மெல்லிசு, ஒடியும். உப்புத்தாள் போடும்போதுதான் நுண்தூள் அதிகம், மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பே வைத்திருக்கிறது. என்95 மாஸ்க் போடச் சொல்லுங்கள், வீட்டில் கொரோனா காலத்து மிச்சம் இருக்கும்.

அபார்ட்மெண்ட் என்றால் பால்கனியில் வைக்க முடியாது, சத்தத்தைவிடத் தூள்தான் சண்டையைக் கொண்டுவரும். மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, கார் ஷெட், ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடு, ஏதாவது பாருங்கள்.

விற்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கேட்கிறவருக்குக் கொடுக்கலாம், தேடிப்போய் விற்க வேண்டாம். டெலிவரி தேதி என்று ஒன்று வந்துவிட்டால் மறுபடியும் ஷிப்ட்தான். சொந்தக்காரர்கள் சப்பாத்திக் கட்டை கேட்டால் மரத்தை அவர்களையே கொண்டுவரச் சொல்லுங்கள், பாதிப் பேர் அத்தோடு வர மாட்டார்கள்.