வீட்டுக்கு வீடு ஆடுதல்

வணக்கம் ஐயா,

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்னப் பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். பதினான்கு பிள்ளைகள். விளக்கு, ஒலிவாங்கி, உடுப்பு, தமிழ்த்தினப் போட்டிக்குப் போய்வர வாகனம் எல்லாவற்றுக்குமாக 180,000 ரூபாய் தேவைப்படுகிறது. அதிர்ஷ்டச் சீட்டு, சிறப்பு மலர், சாப்பாட்டுக் கடை, வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் என்று யோசித்து வைத்திருக்கிறோம். புதுமையான வழிகள் பத்துச் சொல்வீர்களா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள தங்கச்சி,

பதினான்கு பிள்ளைகளோடு இவ்வளவு தூரம் யோசிக்கிற உங்களைக் கும்பிட வேண்டும். ஆனால் கடிதத்தை வாசிக்கக் கோபமும் வந்தது. காசு சேர்க்க நான்கு வழி எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒன்றிலாவது நாடகம் இருக்கிறதா? சீட்டுப் புத்தகத்தோடு தெருவில் நிற்கிற பிள்ளை சீட்டு விற்கத்தான் பழகும். அதை விடுங்கள். சிறப்பு மலரின் விளம்பரக் காசு அச்சகத்துக்கே போய்விடும். கடை போடுவதானால் வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு நாட்களில் தாய்மார் போடட்டும், பிள்ளைகள் வேண்டாம். வெளிநாட்டிலிருப்பவர்களிடம் காசு கேட்காமல் பொருளைக் கேளுங்கள்: ஒரு மத்தளம், இரண்டு சோடிச் சல்லரி (கைத்தாளம்). வருடக்கணக்கில் நிற்கும்.

இனி நான் நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிற விடயம். நம்முடைய கூத்து அரங்கேற்றத்தோடு முடிகிறதில்லை. சட்டங்கொடுத்து (பாத்திரத்தின் பாட்டை எழுதிக் கொடுத்து), சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை பார்த்து), களரியில் (வட்ட ஆடுகளத்தில்) அரங்கேறின பிறகு கூத்தர் வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள். வீட்டார் மனமுவந்து கொடுப்பார்கள். மட்டக்களப்பில் ஆட்டத்துக்குக் காசு வந்த வழி இது. உங்கள் ஊர்ப்பக்கம் கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் இருக்கிறார்கள். புதுமை கேட்டு எனக்கு எழுத முதல் அவர்களில் ஒருவரிடம் போய் இருந்திருக்க வேண்டாமா?

செய்யும் முறையைச் சொல்கிறேன். இருபது நிமிட ஆட்டம் ஒன்று கட்டுங்கள். ஒரு வரவு (பாத்திரம் ஆடி வருவது), ஒரு தர்க்கம், ஒரு முடிவு, அவ்வளவுதான். விடிய விடிய ஆடின கூத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் மேடைக்காகச் சுருக்கினார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’ எல்லாம் அப்படி வந்தவை. ஆகவே சுருக்குவது பாவமில்லை. ஆனால் வரவை வெட்டாதீர்கள். தாளத்தோடு பாத்திரம் களரிக்குள் இறங்குகிற அந்த நேரத்தில்தான் சனம் வட்டமாக வந்து கூடும்.

ஒரு பின்னேரத்தில் மூன்று வீடு. சனி, ஞாயிறு என்று நான்கு கிழமை போனால் இருபத்துநான்கு வீடு. நாலாவது வீட்டுக்கு ஆசைப்படாதீர்கள். பிள்ளைகளின் தொண்டை அடைத்துவிடும், மூன்றாவது வீட்டிலேயே ஆட்டம் தளரத் தொடங்கும். ஐந்தரைக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் எல்லாரும் வீடு சேர வேண்டும். உங்கள் பக்கம் இருட்டினால் யானை இறங்கும். அதிபரின் அனுமதியையும் பெற்றாரின் சம்மதத்தையும் எழுத்தில் எடுங்கள்.

காலம் முக்கியம். மார்கழி மழைக்குள் போகாதீர்கள். பெரும்போக அறுவடை முடிந்து, மாசி பங்குனியில், முற்றம் காய்ந்து கையிலும் காசு புழங்குகிற நேரத்தில் போங்கள். பதினைந்து பதினாறு அடி வட்டம் போதும். பகலிலேயே போய்க் கூட்டி, கண்ணாடித் துண்டும் நெருஞ்சி முள்ளும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து வையுங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக்குப் போனால் மணல் முற்றம் காலை இழுக்கும், மிதி கேட்காது. இறுகின தரையாகத் தேடுங்கள். மத்தளத்தைத் திறந்தபடி பனியில் வைத்தால் தோல் தளர்ந்து சுதி இறங்கிவிடும். துணியால் மூடி, அடுத்த வீட்டில் அடிக்க முதல் அடுப்புச் சூட்டுக்குக் கொஞ்சம் காட்டுங்கள்.

முற்றத்துக்கு ஒலிவாங்கி தேவையே இல்லை. பட்டியலில் அதை வெட்டுங்கள், பிள்ளையின் குரலைப் பழக்குங்கள். விளக்குக்கு 50 வாட் எல்.ஈ.டி. வெள்ளொளி நாலு வாங்கி, எட்டொன்பது அடி மூங்கில் இரண்டில் எதிரெதிர் மூலையில் கட்டுங்கள். நாலும் சேர்ந்து 200 வாட்தான், எந்த வீட்டு மின்சாரமும் தாங்கும். 1000 வாட் ஹலஜன் இரண்டை 5 அம்பியர் பிளக்கில் கொழுவினால் வயர் சூடேறிவிடும். சாதாரண எல்.ஈ.டி.யை டிம்மரில் போட்டால் துடிக்கும், ஆகவே டிம்மருக்கும் காசு வைக்காதீர்கள்.

உடுப்பு தாய்மாரின் பழைய சேலையில் தைக்கலாம். சிப் வைக்காமல் நாடா வையுங்கள், கீழ்மடிப்பில் மூன்று அங்குலம் கூட விடுங்கள். அடுத்த வருடப் பிள்ளைக்கும் பொருந்தும், பக்கத்துப் பாடசாலைக்கு வாடகைக்கும் கொடுக்கலாம். வியர்வையோடு மடித்துப் பெட்டிக்குள் போட்டால் மாரியில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

இப்போது காசுப் பெட்டி. இதில்தான் ஊர் உங்களை நம்பும் அல்லது கைவிடும். பூட்டின பெட்டி படலையடியில் இருக்கட்டும். ஆடுகிற பிள்ளை அதைக் கையில் ஏந்தக் கூடாது. யார் எவ்வளவு போட்டார் என்று அறிவிக்கவே வேண்டாம். ஐந்தாயிரம் கொடுக்கிற வீட்டிலும் ஒரு கொத்து அரிசி கொடுக்கிற வீட்டிலும் அதே இருபது நிமிடம், அதே வரவு, அதே மிதி. குறைத்து ஆடினீர்களென்றால் அடுத்த நாளே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியும். அன்றிரவே ஒரு ஆசிரியரும் ஒரு பெற்றாரும் சேர்ந்து எண்ணி, இருவரும் கையொப்பமிட்டு, அடுத்த வேலைநாள் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் போடுங்கள். உங்கள் சொந்தப் பையில் ஒரு இரவுகூட இருக்க வேண்டாம், தங்கச்சி. நேர்மையான ஆசிரியர்கள் பேர் கெடுவது அந்த ஒரு இரவில்தான்.

சிலர் காசுக்குப் பதில் நெல் தருவார்கள். சந்தோசமாக வாங்குங்கள், ஆனால் ஈர நெல்லை மூடையாகக் கட்டி வகுப்பறை மூலையில் அடுக்காதீர்கள். சூடேறி முளைத்துவிடும், ஆலைக்காரர் விலையைக் குறைப்பார். படங்கு விரித்து நல்ல வெயிலில் காயவைத்துப் பதர் தூற்றி, சாக்கில் கட்டி, பலகை மேல் வையுங்கள். விற்ற பற்றுச்சீட்டை அதே கணக்குப் புத்தகத்தில் ஒட்டுங்கள்.