அப்பாருவின் கண்ணும் 6 மணி நேரமும்

கேள்வி: எங்கள் அப்பாருக்கு 78 வயது. கண்தானம் செய்தே ஆகவேண்டும் என்கிறார். சர்க்கரை உண்டு, இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பெங்களூரில் இருக்கும் அத்தைமார் வந்து முகம் பார்த்த பிறகுதான் எதையும் செய்ய விடுவார்கள். அதுவரை கண் தாங்குமா? எடுத்த பிறகு லேபில் எத்தனை நாள் உயிரோடு வைத்திருப்பார்கள்?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அத்தைமாருக்காகக் காத்திருக்க வேண்டாம் அம்மணி. 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். சித்திரை வெயிலென்றால் இன்னும் சீக்கிரம்.

தானக் கண்ணில் முக்கியமாகப் பயன்படுவது கருவிழி, அதாவது கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடிபோல இருக்கும் கார்னியா. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. ஆக்சிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இதயம் நின்ற பிறகும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கிறது. அதன் உட்புறம் ஒரே அடுக்காக அறுகோண செல்கள் இருக்கின்றன. ஊற்றெடுக்கும் கிணற்றை மோட்டார் இறைத்துக்கொண்டே இருப்பதுபோல, கருவிழிக்குள் ஊறும் நீரை இவை வெளியேற்றுகின்றன. பார்வை தெளிவாக இருப்பது இவற்றால்தான். இளவயதில் ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 3000 இருக்கும், வயதாக ஆகக் குறையும். செத்த செல்லுக்குப் பதில் புதிது முளைக்காது.

முன்பு முழுக் கண்ணையும் ஈரப்பதமான டப்பாவில், 4 டிகிரிக் குளிரில், ஓரிரு நாள்தான் வைக்க முடிந்தது. 1974இல் வந்த மெக்கேரி-காஃப்மன் திரவம் அதை 4 நாளாக்கியது. இன்றைய திரவங்களில் 14 நாள் வரை வைக்கலாம். மதுரை அரோலேப் நிறுவனத்தின் கார்னிசால் அப்படி ஒன்று. குளிரில் செல்லின் தேவை குறையும், நீர் இறைப்பதும் நின்றுவிடும். கருவிழி ஊதிப்போகாமல் இருக்க டெக்ஸ்ட்ரான், கிருமி அண்டாமல் இருக்க ஆன்டிபயாடிக் என்று திரவத்தில் சேர்க்கிறார்கள். ஐரோப்பாவில் உடல் சூட்டுக்கு நெருக்கமான வெப்பத்தில் 4 வாரம் வரைகூட வைக்கிறார்கள். 2018இல் ஜப்பானின் கினோஷிட்டா குழு, தானக் கருவிழியின் செல்களை லேபில் பெருக்கி, 11 பேரின் கண்ணுக்குள் ஊசியால் செலுத்திய முடிவுகளை வெளியிட்டது. ஆனால் உயிருள்ள செல்லைத்தான் பெருக்க முடியும், எந்த லேபாலும் செத்த செல்லை எழுப்ப முடியாது. வீட்டில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான்.

சர்க்கரையோ புரை ஆபரேஷனோ தடையில்லை. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, ரேபிஸ், ரத்தப் புற்றுநோய் போன்றவை இருந்தால் எடுக்க மாட்டார்கள். செல்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்ப்பார்கள், பொதுவாக 2000க்கு மேல் எதிர்பார்ப்பார்கள். குறைந்தாலும் தானம் வீணில்லை. கிளிசரினில் போட்டு வைத்தால், புண்ணாகி ஓட்டை விழுந்த கண்ணை அவசரத்துக்கு மூட உதவும். அதற்கு உயிருள்ள செல் தேவையில்லை.

இழவு வீட்டில் முதல் போன் கண் வங்கிக்குப் போகட்டும். கோவையில் அரவிந்த், சங்கரா இரண்டிலும் கண் வங்கி உண்டு, நம்பரை இப்போதே வாங்கி வையுங்கள். இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலைக்குத் தலையணை கொடுங்கள். டாக்டரின் இறப்புச் சான்று தயாராக இருக்கட்டும். கொஞ்சம் ரத்தமும் எடுப்பார்கள். வேலை 20 நிமிடம்தான், ஃப்ரீசர் பெட்டி வருவதற்குள்கூட முடிந்துவிடும். முகம் மாறாது, அத்தைமார் வந்து அப்படியே பார்க்கலாம்.

உறுதிமொழிப் படிவம் இல்லாவிட்டாலும் குடும்பத்தார் சம்மதம் போதும். அதனால் ஒரு நல்ல நாளில், அப்பாரு வாயாலேயே அத்தைமாரிடம் போனில் சொல்ல வையுங்கள்.