பட்டறையை விற்றுவிட்டு கனடா வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை நிதானமாகப் படித்தேன். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்கிற லேத் பட்டறை, அப்பா ஆரம்பித்தது. மனைவியின் விண்ணப்பத்தில் குடும்பத்துக்கே பிஆர், அதாவது கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வந்துவிட்டது. பட்டறையை விற்றுவிட்டு ஒரேயடியாக வருவதா, மேனேஜர் கையில் விட்டுவிட்டு வந்து, ஒத்துவராவிட்டால் திரும்பிப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே குளிர், பிள்ளைகள் படிப்பு, எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, எவ்வளவு பணம் கொண்டுவரலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். குளிருக்கு நல்ல ஜாக்கெட்டும் பூட்ஸும் போதும், உடம்பு பழகிக்கொள்ளும். பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் பழகிவிடுவார்கள். வீடு பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், வந்து பார்த்துக்கொள்ளலாம். நான் பேச வேண்டியது பட்டறையைப் பற்றி. 2018இல் மதுரையில் என் ஆஃப்செட் பிரஸ்ஸை விற்றுவிட்டு இங்கே வந்தவன் நான். அதுவும் அப்பா ஆரம்பித்ததுதான்.

விற்பதென்று முடிவெடுத்தால் விமானம் ஏறுவதற்கு முன்பே விற்று முடித்துவிடுங்கள். மேனேஜர் நல்லவர்தான், இருபது வருடம் கூட இருந்தவர்தான். ஆனால் ஜிஎஸ்டி பதிவு உங்கள் பெயரில், மின் இணைப்பு உங்கள் பெயரில், வங்கியில் சிசி லிமிட் என்ற தொழில் கடனுக்கு நீங்களும் ஒருவேளை உங்கள் மனைவியும் ஜாமீன் கையெழுத்து. அங்கே என்ன நடந்தாலும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். அங்கே மதியம் பன்னிரண்டுக்கு ஒரு பிரச்சினை என்றால் இங்கே நடுராத்திரி. பகலில் இங்கே வேலை, ராத்திரியில் அங்கே பஞ்சாயத்து என்று இருந்து, இரண்டையும் கெடுத்துக்கொண்டவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். ஒருவர் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பவரை ரத்து செய்வதற்காகவே டிக்கெட் போட்டுப் போனார்.

வரிக் கணக்கும் இதைத்தான் சொல்கிறது. இந்தியாவில் குடியிருப்பவர் 50 லட்சமோ அதற்கு மேலோ போகும் இடத்தை விற்றால் வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடிப்பார். வெளிநாடுவாழ் இந்தியராக ஆன பிறகு அதே இடத்தை விற்றால் நீண்டகால லாபத்துக்கான 12.5 சதவீதம், அதன்மேல் செஸ், தொகை பெரிதானால் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகள், இதையெல்லாம் பெரும்பாலும் முழு விலையின் மீதே பிடித்துவிடுவார்கள். குறைத்துப் பிடிக்க வேண்டுமானால் முன்கூட்டியே வருமான வரித் துறையில் சான்றிதழ் வாங்க வேண்டும். இன்னொன்று, 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கும் இருக்கிறது. எது குறைவோ அதைக் கட்டலாம். அந்த வசதி அங்கே குடியிருப்பவருக்கு மட்டும்தான். அப்பா காலத்து இடமென்றால் இது சின்ன விஷயம் இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு விதமாகவும் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

மெஷின் தனி, ஸ்டாக் தனி என்று பிரித்து விற்றால் அவற்றுக்கு ஜிஎஸ்டி வந்து நிற்கும். ஓடுகிற தொழிலை அப்படியே மொத்தமாகக் கைமாற்றினால் அதற்கு விலக்கு உண்டு. பதிவை ரத்து செய்த பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசி ரிட்டர்ன் போட வேண்டும், நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள். வங்கியில் பாக்கி இல்லை என்கிற நோ டியூ கடிதத்தோடு ஜாமீனிலிருந்து விடுவித்த கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஆட்கள். ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் கிராஜுட்டி, அதாவது பணிக்கொடை, சேர்ந்திருக்கும். வாங்குபவர் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். நான் விலை பேசும் முன்பே அதை ஒவ்வொருவர் பெயரிலும் எழுதி வைத்தேன். கடைசி நாளில் என் கையாலேயே செக் கொடுத்தேன். அந்த ஒரு காரியத்தால்தான் இன்றைக்கும் மதுரைக்குப் போனால் அவர்கள் வீட்டு வாசலில் தலை நிமிர்ந்து நிற்க முடிகிறது.

இதெல்லாம் காகித வேலை, நல்ல ஆடிட்டர் இருந்தால் முடிந்துவிடும். இதற்கு மேல் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

வந்த புதிதில் டொராண்டோ பக்கத்தில் மிசிசாகாவில் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலைக்குப் போனேன். ராத்திரி ஷிஃப்ட், காலில் ஸ்டீல் டோ பூட்ஸ். அட்டைப்பெட்டியை விரித்து, மடித்து, பொருளை வைத்து டேப் ஒட்ட வேண்டும். ஒரு நாள் வந்த பெட்டிக் கட்டில் அச்சின் மெஜந்தா நிறம் மட்டும் இடம் விலகி விழுந்திருந்தது. எழுத்தின் ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு நூல் மாதிரி தெரிந்தது. ஒரு பெட்டியில் அல்ல, கட்டு முழுக்க. என் பிரஸ்ஸாக இருந்தால் மெஷினை நிறுத்தி, பிளேட்டைச் சரிசெய்து, அந்தத் தாள்களை ஒதுக்கியிருப்பேன். சூப்பர்வைசர் பையனிடம் காட்டினேன். அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்து, பேக் பண்ணு என்றான். தப்பு அவனுடையது இல்லை, அவனுக்கு எண்ணிக்கை முடிய வேண்டும். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இருபத்தைந்து வருடம் என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தைக்காக மெஷின் நின்றது, ஓடியது. இங்கே என் வார்த்தை யாருக்கும் வேண்டாம்.

இந்த வலி உங்களுக்கும் வரும். முதலாளியாக இருந்த எல்லோருக்கும் வரும். பணக்கஷ்டம் வேறு, இது வேறு. உங்கள் கையில் பட்டறை விற்ற பணம் இருக்கும். அந்த வலிக்கு மருந்து இதோ என்று ஒருவர் ஒரு கடையைக் கொண்டுவந்து காட்டுவார். கன்வீனியன்ஸ் ஸ்டோர், பெரிய கம்பெனியின் பெயரை வாங்கி நடத்தும் காபி ஃபிராஞ்சைஸ், பெட்ரோல் பங்க், ஏதோ ஒன்று. 'நீங்க பிஸினஸ்மேன் சார், போய்க் கூலிக்கு நிக்கலாமா?' என்பார். அந்த ஒரு கேள்விக்குத்தான் பணம் போகிறது. லாபக் கணக்கைப் பார்த்து யாரும் ஏமாறுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், வந்த சில மாதத்திலேயே ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோரை வாங்கினார். வாங்கிக் கொடுத்தவர் நம் ஆள்தான், கமிஷன் வாங்கிக்கொண்டு ஒதுங்கிவிட்டார். வாடகை என்று சொன்னது அடிப்படை வாடகையை மட்டும். அதன்மேல் டிஎம்ஐ என்று கட்டடத்தின் சொத்துவரி, பராமரிப்பு, காப்பீடு ஆகியவற்றின் பங்கு தனியாக வந்தது. லீஸில் சொந்த ஜாமீன் கையெழுத்து வேறு. நாங்கள் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டு வாடகைக்கு இருக்கிற பாதுகாப்பு கடை வாடகைக்குக் கிடையாது. லீஸில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, வாடகை 15 நாள் தவறினால் பதினாறாம் நாள் உரிமையாளர் கோர்ட்டுக்குப் போகாமலே பூட்டை மாற்றலாம். அவருக்கு அதுதான் நடந்தது. ஜவுளிக்கடை விற்ற பணம் இரண்டு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை.

ஃபிராஞ்சைஸ் என்றால் ஒன்டாரியோவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஆர்தர் விஷார்ட் சட்டம் என்பார்கள். கையெழுத்துக்கோ முன்பணத்துக்கோ குறைந்தது 14 நாள் முன்னால் ஃபிராஞ்சைஸ் விற்கும் கம்பெனி முழு விவர ஆவணத்தை உங்கள் கையில் தர வேண்டும். தராமலே கையெழுத்து வாங்கியிருந்தால் இரண்டு வருடத்துக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். 'இந்த வாரமே முடிச்சாத்தான் இந்த விலை' என்று யாராவது அவசரப்படுத்தினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். என் யோசனை, முதல் ஒன்றரை இரண்டு வருடம் விற்ற பணத்தைத் தொடாதீர்கள். வேலைக்குப் போங்கள். எந்த வேலையானாலும் சரி. இந்த ஊர் வாடகை, வரி, காப்பீடு, ஆள் கூலி எல்லாம் சம்பளக்காரனாக இருந்து பார்த்தால்தான் புரியும். உங்களுக்கு லேத் தெரியும், கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷின் தெரியும் என்கிறீர்கள். அது இங்கே சோறு போடுகிற தொழில். 2026 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் வேலை விளம்பரத்தில் 'கனடிய அனுபவம் தேவை' என்று போட முடியாது, சட்டமே வந்துவிட்டது. நான் வந்தபோது அந்த ஒரு வரியாலேயே எத்தனையோ இடத்தில் திருப்பி அனுப்பினார்கள்.

நானும் பிரஸ் வேலைக்கே திரும்பினேன். முதலில் கட்டிங் மெஷின், இப்போது எஸ்டிமேட் போடுகிறேன். காகிதத்தின் கனத்தை ஜிஎஸ்எம்மில், சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று, யோசித்த தலைக்கு இங்கே பவுண்டு. அதிலும் 80 பவுண்டு டெக்ஸ்ட், அதாவது உள்தாள், என்றால் கிட்டத்தட்ட 118 ஜிஎஸ்எம், அதே 80 பவுண்டு கவர், அதாவது மேலட்டை, என்றால் 216. ஏ4 கிடையாது, எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். வீட்டுச் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டி வைத்து மனப்பாடம் செய்தேன். ஐம்பதை நெருங்கும் வயதில் அதைக் கற்றுக்கொண்டேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. பிரஸ் வைத்திருந்தது எவ்வளவு பெருமையோ அவ்வளவு.

நம் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வசதியாக வந்த நம்மவர்களில் பலர் எந்த விருந்துக்குப் போனாலும் 'ஊர்ல இருந்திருந்தா இந்நேரம்' என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதே வாயால் புதிதாக வருபவரிடம் 'வாங்க, எல்லாம் பாத்துக்கலாம்' என்பார்கள். வந்து இறங்கிய பிறகு போனை எடுக்க மாட்டார்கள். எனக்கு முதல் குளிரில் கோட்டு கொடுத்ததும், லைசென்ஸ் எடுக்கும்வரை வேலைக்குக் காரில் ஏற்றிப் போனதும் ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு ஈழத்து அண்ணன். 1983க்குப் பிறகு வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விலை பேச நேரமே இல்லாமல் விட்டுவிட்டு வந்த குடும்பம். 1986இல் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகில் மிதந்த 155 பேரை மீனவர்கள் காப்பாற்றிக் கரை சேர்த்தார்கள், அவர்களும் ஈழத் தமிழர்கள்தான். நமக்கு விலை பேசி, ரசீது வாங்கி, பிரியாவிடை சொல்லி வரும் பாக்கியமாவது கிடைத்தது. அந்த அண்ணனிடம் ஒரு தடவை என் பிரஸ்ஸைப் பற்றிப் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் 'தம்பி, உங்கட போர்டு இன்னும் தொங்குதே, அது பெரிய விசயம்' என்றார்.

உண்மைதான், போர்டு இன்னும் தொங்குகிறது. வாங்கியவர் சிவகாசிக்காரர், குட்வில்லோடு சேர்த்து அப்பா பெயரையும் கேட்டார். யோசித்துத்தான் கொடுத்தேன். விலை முடிந்த அன்று அவர் தன் மெஷின்மேனைக் கூட்டி வந்து நாலு கலர் தாள் ஒன்று ஓட்டிப் பார்த்தார். அந்த ஆள் தாளை உருவி மேசையில் போட்டு, லூப் என்கிற பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்து, நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று காட்டும் ரிஜிஸ்டர் குறியை நாலு மூலையிலும் பார்த்தான். எங்கள் ஃபோர்மேன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 'புள்ளி சுத்தமா விழுது முதலாளி' என்று அவன் சொன்னது புது முதலாளியைப் பார்த்து. எங்கள் ஃபோர்மேன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, அங்கே நிற்கவும் முடியவில்லை. இப்போதும் மதுரை போனால் அந்தத் தெரு வழியாகப் போவேன். ஒரு தடவை உள்ளே போனேன், நன்றாகவே நடத்துகிறார். மை வாசனை அதேதான். விற்றது சரி என்று என் மனைவியும் பிள்ளைகளும் ஒவ்வொரு நாளும் எனக்குக் காட்டுகிறார்கள். அந்தத் தெருவில் கால் வைத்தால் அவ்வளவும் ஆடிப்போகிறது. இது போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்காக முடிவை மாற்றவும் வேண்டாம்.

திரும்பிப் போகிற வழி வேண்டும் என்றால் பட்டறையை வைத்துக்கொண்டுதான் என்று இல்லை. பிஆர் நிலைக்க ஐந்து வருடத்தில் 730 நாள் இங்கே இருந்தால் போதும். குடியுரிமைக்கு 1,095 நாள். எடுத்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கலாம், ஓட்டுரிமை போய்விடும், விவசாய நிலம் வாங்க முடியாது. அதை மெதுவாக முடிவு செய்யுங்கள்.

இடத்தை மட்டும் விற்காமல் வாடகைக்கு விடுவதானால், நீங்கள் இங்கே குடியேறும் தேதியில் அதன் மதிப்பு என்ன என்று பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள். கனடா வரிக் கணக்கில் அந்த மதிப்பில்தான் நீங்கள் அதை வாங்கியதாக எடுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் ஏறுவதற்கு மட்டும்தான் இங்கே வரி. அங்கே வரும் வாடகையையும் இங்கே காட்ட வேண்டும். வெளிநாட்டுச் சொத்தின் அடக்க விலை 1,00,000 கனடிய டாலரைத் தாண்டினால், வந்த முதல் வருடம் தவிர, ஒவ்வொரு வருடமும் டி1135 படிவம் போட வேண்டும். தவறினால் நாளுக்கு 25 டாலர், 2,500 வரை அபராதம்.

பணம் கொண்டுவருவதைக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவர அவசியம் இல்லை. வந்த பிறகு உங்கள் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ என்ற வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும், அதிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை, வரி கட்டிய சான்றோடு, அனுப்ப முடியும். கையில் 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ இருந்தால் விமான நிலையத்தில் சொல்லிவிடுங்கள், சொன்னால் வரி எதுவும் இல்லை, மறைத்தால்தான் சிக்கல். பின்னால் கப்பலில் வரப்போகும் பொருட்களின் பட்டியலையும் இறங்கும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். உங்கள் மைக்ரோமீட்டர், வெர்னியர் எல்லாம் அதில் இருக்கட்டும், நிச்சயம் தேவைப்படும்.