பழைய செம்பு பாய்லர்: அழுத்தம் இறங்குகிறது, காற்றடித்துப் பார்க்கலாமா?

வணக்கம். நீராவியில் ஓடும் பழைய ரயில் எஞ்சின் மாடல் வாங்கியிருக்கிறீர்கள். ஓட்டும் அழுத்தம் 80 பிஎஸ்ஐ. தண்ணீர் நிரப்பி 120 வரை ஏற்றினால் பத்து நிமிடத்தில் 100-க்கு இறங்குகிறது, கசிவு கண்ணில் படவில்லை, கம்ப்ரசரால் காற்றடித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் அழுத்தினால் அவ்வளவாகச் சுருங்காது. பாய்லர் பிளந்தாலும் ஒரு பீச்சலோடு அழுத்தம் விழுந்துவிடும். காற்று ஸ்பிரிங் மாதிரி. சேர்த்து வைத்த சக்தியையெல்லாம் ஒரே நொடியில் கொட்டி உலோகத் துண்டுகளை வீசும்.

120 சரியான அளவுதான்: சோதனைக்கு, பழைய பாய்லருக்கு ஓட்டும் அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு, புதிதாகச் செய்ததற்கு இரண்டு மடங்கு என்பது வழக்கம். ஆனால் அழுத்தம் காட்டும் கேஜை நம்பகமான இன்னொன்றோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பம்பைச் சந்தேகப்படுங்கள். பம்புக்கும் பாய்லருக்கும் நடுவே ஒரு வால்வு போட்டு மூடுங்கள். கேஜ் பாய்லர் பக்கம் இருக்கட்டும். முள் அசையாமல் நின்றால் கோளாறு பம்பில். அப்புறம் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டருக்கு நீராவியைத் திறந்துவிடும் வால்வு. அது கசிந்தால் தண்ணீர் சிலிண்டருக்குப் போய்விடும், வெளியே தெரியாது. சேஃப்டி வால்வையும் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயையும் கழற்றி, ஓட்டைகளுக்கு பிளக் போடுங்கள். உள்ளே காற்று துளியும் தங்கக் கூடாது.

பிறகும் இறங்கினால் பாய்லரில் தீ எரியும் அறைக்குள் (ஃபயர்பாக்ஸ்) முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் விட்டுப் பாருங்கள். தகடுகளை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பிகளின் முனைகளைத் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். கடுகளவு நீர்முத்து ஒன்று மெல்லத் திரளும். எனக்கு அப்படித்தான் அகப்பட்டது. தகடு எங்காவது புடைத்திருந்தால் தீ மூட்டவே மூட்டாதீர்கள், அனுபவமுள்ள பாய்லர் சோதகரிடம் காட்டுங்கள்.